இரக்கத்துக்காகக் கட்டிய தனிமைச் சிறை: பிலதெல்பியா, 1787 முதல் 1913 வரை

சிறைச்சாலை ஊழியத்துக்குப் போய்வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தனிமைச் சிறை என்றால் கொடுங்கோலர்கள் கண்டுபிடித்த சித்திரவதை என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஆனால் ஒரு மாநிலத்தின் சிறை முறையையே அதன்மேல் கட்டி எழுப்பியவர்கள் ஜெபிக்கிறவர்கள். திருடர்களைத் தூக்குக் கயிற்றிலிருந்து மீட்டவர்கள். வேத வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியவர்கள். அவர்கள் தவறியது எங்கே என்று தெரிந்துகொள்ளாவிட்டால், அதே தவற்றை நாமும் நல்ல மனதோடு செய்வோம். கைதிகள் எவருடைய பெயரையும் இதில் சேர்க்கவில்லை.

பின்னணி

18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கொலைக்கு மட்டுமல்ல, வழிப்பறிக்கும், இரவில் வீடு புகுந்து திருடியதற்கும்கூட மரண தண்டனை இருந்தது. 1786இல் சட்டம் மாறியது. தூக்குக்குப் பதிலாகக் குற்றவாளிகளின் தலையை மழித்து, சங்கிலியிட்டு, அங்குள்ள பிலதெல்பியா நகரத்தின் தெருக்களில் வேலை வாங்கினார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. வசவும் அடிதடியும் அன்றாடக் காட்சியாயின. அந்நகரின் வால்நட் தெருச் சிறையோ இன்னும் மோசம். ஆண்கள், பெண்கள், சிறுவர்கள், கடன் கட்ட முடியாதவர்கள் எல்லாரும் ஒரே அடைப்பில் கிடந்தார்கள். சிறை அதிகாரியே உள்ளே சாராயம் விற்றார்.

இதைப் பார்த்துப் பொறுக்காதவர்கள் 1787 மே மாதம் ஒரு சங்கம் அமைத்தார்கள். பொதுச் சிறைகளின் துயரங்களைத் தணிப்பதற்கான சங்கம் என்று அதற்குப் பெயர். மருத்துவர் பெஞ்சமின் ரஷ் அதன் முக்கியக் குரல்களில் ஒருவர். உறுப்பினர்களில் 'நண்பர்கள் சங்கம்' என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குவேக்கர்கள் நிறைய. ஆனால் இதைக் குவேக்கர்களின் திட்டம் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. சங்கத்துக்குப் பல பத்தாண்டுகள் தலைவராக இருந்தவர் ஆங்கிலிகன் மரபில் வந்த எப்பிஸ்கோப்பல் சபையின் பிஷப் வில்லியம் ஒயிட். சங்கத்தின் விதிகள் மத்தேயு 25ஆம் அதிகாரத்தோடு தொடங்கின: "காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்."

அந்த வசனத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

சங்கத்தார் கேட்டவை நியாயமானவை. சாராயத்தை நிறுத்த வேண்டும், ஆண்களையும் பெண்களையும் பிரிக்க வேண்டும், உடையும் உணவும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும், தெருவில் நடக்கும் அவமானம் ஒழிய வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை நடந்தன. 1794இல் முதல்தரக் கொலையை (பெரும்பாலும் திட்டமிட்டுச் செய்யும் கொலையை)த் தவிர வேறெந்தக் குற்றத்துக்கும் மரண தண்டனை இல்லை என்று பென்சில்வேனியா சட்டமியற்றியது. மனித உயிரின் மதிப்பைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிவைத்த நாள் அது. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

தூக்கு போன இடத்தில் எதை வைப்பது? கசையடி வேண்டாம், தெரு அவமானம் வேண்டாம், கூட்டச் சிறையின் சீரழிவும் வேண்டாம். மிச்சமிருந்தது தனி அறை. கெட்ட கூட்டாளிகளிடமிருந்து பிரித்து, அமைதியான அறையில், ஒரு வேதாகமத்தோடு விட்டால் மனிதன் தன் மனசாட்சியின் சத்தத்தைக் கேட்பான், தேவனை நோக்கித் திரும்புவான் என்று நம்பினார்கள். ஆங்கிலத்தில் இத்தகைய சிறைக்கு வந்த 'பெனிடென்ஷியரி' என்ற பெயரே மனந்திரும்புதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. 1790இல் வால்நட் தெருச் சிறையின் முற்றத்தில் 16 தனி அறைகள் எழுந்தன.

ஒரு எச்சரிக்கை வந்தது

1821 கிறிஸ்துமஸ் அன்று, பக்கத்து மாநிலமான நியூயார்க்கின் ஆபர்ன் சிறையில் 80 கைதிகளைத் தனித்தனி அறைகளில் அடைத்தார்கள். வேலை கிடையாது, பேச்சு கிடையாது, துணை கிடையாது. ஓராண்டுக்குள் ஐந்து பேர் இறந்தார்கள். ஒருவருக்குச் சித்தம் கலங்கியது. இன்னொருவர் கதவு திறந்த ஒரு கணத்தில் மாடி நடையிலிருந்து கீழே குதித்தார். கடைசியில் மாநில ஆளுநர் 26 பேருக்கு மன்னிப்பு வழங்கி வெளியே விட்டார். ஆபர்ன் அந்தச் சோதனையைக் கைவிட்டது.

பிலதெல்பியாவில் புதிய பெரிய சிறைக்கு அப்போதே சட்டம் நிறைவேறி, வேலை தொடங்கும் தறுவாயில் இருந்தது. ஆபர்ன் செய்தியை அவர்கள் அறிந்திருந்தார்கள், விவாதித்தார்கள். கைதிகளைக் கொன்றது சோம்பல், தனிமை அல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆகவே 1829இல் ஒரு திருத்தம் செய்தார்கள்: தனி அறையும் உண்டு, அதற்குள்ளேயே செய்யக் கைவேலையும் உண்டு. செருப்பு தைக்கலாம், தறி நெய்யலாம்.

இந்த நிகழ்வில் மிக முக்கியமான கணம் இதுதான் என்பது என் எண்ணம். கண்ணெதிரே ஐந்து சாவுகள் நிற்கின்றன. அவற்றைப் பார்த்து, நாம் பிடித்திருக்கும் கருத்தே தவறோ என்று கேட்டிருக்கலாம். கருத்தைக் காப்பாற்ற ஒரு திருத்தம் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

கைதி எண் 1

நகருக்கு வெளியே ஒரு செர்ரித் தோட்டம் இருந்த இடத்தில், 30 அடி உயர மதிலுக்குள், 11 ஏக்கரில் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை எழுந்தது. வடிவமைத்தவர் ஜான் ஹேவிலண்ட். நடுவில் ஒரு கண்காணிப்பு மண்டபம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல் ஏழு நடைவழிகள். செலவு ஏறத்தாழ 7,80,000 டாலர். அமெரிக்காவில் அன்றிருந்த மிக விலையுயர்ந்த கட்டடங்களில் ஒன்று. ஜனாதிபதி மாளிகைக்குக் குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்பே இங்கே ஒவ்வொரு கைதியின் அறையிலும் தண்ணீர் ஊற்றும் கழிப்பிடம் இருந்தது. கைதிகள் மேல் பணம் செலவழிக்க அவர்கள் தயங்கவே இல்லை.

1829 அக்டோபர் 25 அன்று முதல் கைதி வந்தார். பதிவேட்டுக் குறிப்பு இன்றும் இருக்கிறது. வயது 18, கறுப்பின இளைஞர், தொழில் விவசாயம். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், பாதத்தின் நீளம் 11 அங்குலம், மூக்கில் ஒரு தழும்பு, தொடையில் ஒரு தழும்பு, அகன்ற வாய். வாசிக்கத் தெரியும். வீடு புகுந்து திருடியவை: 20 டாலர் மதிப்புள்ள கடிகாரம் ஒன்று, 3 டாலர் மதிப்புள்ள பொன் முத்திரை ஒன்று, பொன் சாவி ஒன்று. தண்டனை இரண்டு ஆண்டு.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு என்றால் இதே குற்றத்துக்கு அவரைத் தூக்கிலிட்டிருக்க முடியும். அந்த வகையில் அவர் இரக்கம் பெற்றவர்.

கைதியை உள்ளே கொண்டுவரும்போது தலையில் முகத்தை மறைக்கும் முக்காடு போட்டார்கள். சிறையின் அமைப்பு அவருக்குத் தெரியக் கூடாது. அவர் முகமும் பிறருக்குத் தெரியக் கூடாது. நாளை விடுதலையாகி வெளியே போகும்போது எவரும் அவரைப் பழைய கைதி என்று அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம். அன்பான காரணம்தான். அதன்பின் அவர் ஓர் எண்.

ஏறத்தாழ 12 அடி நீளம், 8 அடி அகலம் கொண்ட அறை. வளைந்த கூரையில் சிறிய கண்ணாடித் துளை. வெளிச்சம் வர அது ஒன்றே வழி. அறைக்குப் பின்னால் உயர்ந்த சுவர்களுக்கு நடுவே அவருக்கு மட்டுமான ஒரு சிறு முற்றம். நாளுக்கு ஒரு மணி நேரம் அங்கே நிற்கலாம்; பக்கத்து அறைக்காரருக்கு அந்த நேரத்தில் அனுமதி இல்லை. வீட்டார் வரக் கூடாது, கடிதமும் கூடாது. வாசிக்க வேதாகமம். ஞாயிறன்று போதகர் நடைவழியில் நின்று பிரசங்கம் செய்வார். கேட்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் தங்கள் தங்கள் அறைக்குள்ளிருந்து கேட்பார்கள்.

அந்த ஆராதனையை நான் பலமுறை எண்ணிப்பார்த்திருக்கிறேன். பிரசங்கம் இருக்கிறது, வேதாகமம் இருக்கிறது, சபை மட்டும் இல்லை.

கண்டவை

1831இல் பிரெஞ்சு அரசு அனுப்பிய இரண்டு இளம் அதிகாரிகள் வந்தார்கள். காவலர்கள் யாரும் உடனிராமல் கைதிகளோடு அறை அறையாகப் பேசினார்கள். தன் முற்றத்துக்குள் ஒரு சில்வண்டு வந்ததாகவும், அது தனக்கு ஒரு துணையைப்போலத் தோன்றியதாகவும் ஒரு கைதி சொன்னார். பட்டாம்பூச்சியோ வேறெந்தப் பூச்சியோ அறைக்குள் வந்தால் தான் அதற்கு ஒரு தீங்கும் செய்வதில்லை என்றும் சொன்னார். குடும்பத்தைப் பற்றிய பேச்சு வந்ததும் பலர் கண்ணீர் விட்டார்கள். வேலை மட்டும் இல்லையென்றால் தாங்க முடியாது என்றார்கள். வந்தவர்கள் இவற்றையெல்லாம் நேர்மையாக எழுதிக்கொண்டு, மொத்தத்தில் அந்த முறை கைதியின் மனதை ஆழமாகத் தொடுகிறது என்று பாராட்டியே போனார்கள்.

அழுகையை மனந்திரும்புதல் என்று வாசித்தார்கள். தான் செய்த களவுக்காக வரும் கண்ணீர் வேறு, ஒரு மனித முகத்தைப் பல மாதம் கழித்துப் பார்த்ததும் வரும் கண்ணீர் வேறு. அடைத்தவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன.

பேச்சே இல்லாத இடத்தில் பேச்சு ஒரு குற்றமாகிவிடும். கைதிகள் குழாய்களைத் தட்டினார்கள், பக்கத்து முற்றத்துக்குச் சீட்டு வீசினார்கள். 1833இல் ஒரு கைதியைப் பக்கத்து அறைக்காரரோடு பேசியதற்காகத் தண்டித்தார்கள். இரும்புக் கடிவாளத்தை வாயில் மாட்டி, அதன் சங்கிலியைப் பின்னால் இழுத்துக் கைகளோடு பிணைத்தார்கள். அவர் இறந்துபோனார். கசையடியை ஒழிக்க வந்த இடத்தில் இது நடந்தது. சட்டமன்றக் குழு ஒன்று விசாரித்தது. இந்தச் சாவு, குளிர்காலத்தில் இன்னொரு கைதியின்மேல் குளிர்ந்த நீரைக் கொட்டியது, பணமோசடி என்று பலவும் வெளியே வந்தன. நிர்வாகம் பெரிய சேதமின்றித் தப்பியது.

சித்தம் கலங்கியவர்கள் ஆண்டுதோறும் இருந்தார்கள். சிறை மருத்துவர்களின் அறிக்கைகள் அதைக் கைதிகளின் இரகசியப் பழக்கங்கள் மேலும், கறுப்பினத்தவரின் உடல்வாகின் மேலும் போட்டன. தனிமை மேல் பழி விழாமல் பார்த்துக்கொண்டார்கள்.

1842 மார்ச்சில் சார்லஸ் டிக்கன்ஸ் வந்தார். இதை ஏற்படுத்தியவர்கள் கருணையுள்ளவர்கள் என்பதில் தமக்குச் சந்தேகமில்லை, ஆனால் தாங்கள் செய்வது என்ன என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்று எழுதினார். உடல்மேல் தழும்பு தெரியாததால்தான் இந்தத் துன்பம் யாருடைய மனதையும் எழுப்பவில்லை என்பது அவர் கருத்து. தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே என்று சிலுவையிலிருந்து வந்த விண்ணப்பம் அந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது.

பின் விளைவுகள்

உலகெங்கும் ஏறத்தாழ 300 சிறைகள் பிலதெல்பியாவைப் பின்பற்றிக் கட்டப்பட்டன. லண்டனின் பென்டன்வில் 1842இல் வந்தது. அந்தமான் செல்லுலார் சிறைக்கும் நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு சிறகுகள், ஒவ்வொருவருக்கும் தனிக் கொட்டடி.

1890இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கொலராடோ மாநில மரண தண்டனைக் கைதி ஒருவரின் வழக்கு வந்தது. குற்றம் நடந்தபின் இயற்றிய சட்டப்படி, தூக்குக்கு முன் அவரைத் தனிமையில் வைக்க உத்தரவு. அந்தத் தனிமை தானே ஒரு கூடுதல் தண்டனை என்று நீதிமன்றம் சொன்னது. பழைய தனி அறைகளில் குறுகிய காலம் இருந்தவர்கள்கூட மந்தித்துப் போனதையும், பலர் வெறிபிடித்ததையும், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கைதி விடுதலையானார்.

ஈஸ்டர்ன் ஸ்டேட்டில் தனிமை முறை முடிவுக்கு வந்த விதம் வருத்தம் தருவது. யாரும் மனம் திரும்பி அதை நிறுத்தவில்லை. கைதிகள் பெருகினார்கள், அறைகள் போதவில்லை, ஓர் அறையில் இருவரை அடைத்தார்கள். பேருக்கு மட்டும் இருந்த முறையை 1913இல் சட்டப்படி விலக்கினார்கள். சிறை 1971இல் மூடப்பட்டது. இப்போது அது ஓர் அருங்காட்சியகம். குவேக்கர்களின் சேவை அமைப்பு பின்னாளில் தனிமைச் சிறைக்கு எதிராகவே பிரசாரம் செய்தது. தங்கள் முன்னோர் செய்ததை அவர்கள் மறைக்கவில்லை.

எங்கே தவறினார்கள்

அவர்கள் வேதத்தை வாசிக்காதவர்கள் அல்ல. ஆகவே வேதத்திலிருந்தே பேசுவோம்.

ஆதியாகமம் 2:7இல் கர்த்தர் மனிதன் நாசியில் ஜீவசுவாசத்தை ஊதினார், அவன் ஜீவாத்துமாவானான். அடுத்து ஏதேன். பாவம் இன்னும் வரவில்லை. தேவன் அவனோடு பேசுகிறார். தேவனும் மனிதனும் மட்டும், நடுவில் கெட்ட கூட்டாளி ஒருவனும் இல்லை. பிலதெல்பியாச் சீர்திருத்தக்காரர்கள் உண்டாக்க விரும்பிய அதே நிலை. 18ஆம் வசனம்: "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல." சிருஷ்டிப்பில் நல்லதென்று கண்டு வந்தவர் முதல்முறையாக நல்லதல்ல என்று சொன்னது இதைத்தான். தேவன் கூட இருக்கும்போதே, தாம் மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. அப்படியிருக்க, பிரம்படிக்குப் பதில் வேதாகமத்தைக் கொடுத்தோம், இனித் தேவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்ல நமக்கு அதிகாரம் ஏது? அவர்கள் தூக்கிலிருந்து மூச்சைக் காப்பாற்றினார்கள். ஜீவன் என்பது மூச்சு மட்டும்தான் என்பதுபோல அங்கேயே நின்றுவிட்டார்கள்.

இளைய குமாரனுக்குப் புத்தி தெளிந்தது பன்றிகளுக்கு நடுவே, தனியாக இருந்தபோதுதானே என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அவன் எழுந்து புறப்பட முடிந்தது. வழி திறந்திருந்தது, அதன் மறுமுனையில் தகப்பன் இருந்தார். வெளியே பூட்டிய அறையில் புத்தி தெளிந்தவன் எங்கே போவான்? சகேயு மனந்திரும்பியது வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தபோது. வனாந்தரத்துக்குப் போன தீர்க்கதரிசிகளும் நம் ஆண்டவரும் திரும்பி வந்தார்கள். கெத்செமனேயில் அவர் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டுபோய், தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார்.

இன்னொரு காரணம் எளிமையானது. நாற்பது ஆண்டு திட்டமிடலில், கைதியாக இருந்த ஒருவரைக் கூட ஆலோசனைக்கு உட்காரவைத்ததாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

பிலதெல்பியா என்ற பெயருக்குச் சகோதர சிநேகம் என்று பொருள். எபிரெயர் 13ஆம் அதிகாரம் கிரேக்கத்தில் அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது: "சகோதர சிநேகம் நிலைத்திருக்கக்கடவது." இரண்டே வசனம் தள்ளி, "கட்டப்பட்டிருக்கிறவர்களோடே நீங்களும் கட்டப்பட்டவர்கள்போல அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று வருகிறது. கைதிக்காக யோசிப்பதும், கைதியோடு கட்டப்பட்டவன்போல் யோசிப்பதும் வேறு வேறு.

நம் பக்கத்தில் மாற வேண்டியவை

நம் நாட்டில் இது பழங்கதை அல்ல. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, கடுங்காவல் தண்டனையின் ஒரு பகுதியாக மொத்தம் மூன்று மாதம் வரை தனிமைச் சிறை விதிக்க நீதிமன்றத்துக்கு இடம் கொடுத்தது. 1971இல் சட்ட ஆணையமே அதை நீக்கச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 11, 12ஆம் பிரிவுகளாக அது தொடர்கிறது. 1978இல் திகார் சிறையின் மரண தண்டனைக் கைதி ஒருவர் தொடுத்த வழக்கில், மேல்முறையீடும் கருணை மனுவும் முடியும் முன்பு தனிமையில் பூட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பின்னும் கர்நாடகத்தில் ஒரு கைதி ஏறத்தாழ பத்து ஆண்டு தனிமையில் கிடந்தார். அவர் செய்த குற்றம் கொடியது. கொல்லப்பட்டவருடைய குடும்பத்தின் காயத்தை நாம் மறக்கக் கூடாது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அந்தத் தனிமையையும் ஒரு காரணமாகக் காட்டி, தூக்கை ரத்துசெய்து குறைந்தது 30 ஆண்டு சிறை என்று மாற்றியது.

சிலரைச் சில நாள் பிரித்து வைக்காமல் சிறை நடத்த முடியாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. கைதிகளை நடத்தும் விதம் பற்றி 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள் நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ அர்த்தமுள்ள மனிதத் தொடர்பின்றி அடைப்பதைத் தனிமைச் சிறை என்றும், 15 நாளுக்கு மேல் தொடர்ந்தால் கூடாது என்றும் வரையறுக்கின்றன. சபையார் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

நம் ஊழியமும் மாற வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் பாடல் புத்தகமும் எடுத்துக்கொண்டு போகிறோம். மண்டபத்திலோ முற்றத்திலோ உட்காரவைத்தவர்களுக்குப் பாடிக் காட்டுகிறோம், செய்தி கொடுக்கிறோம், புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். தனி அறையில் பூட்டப்பட்டவர் அந்த மண்டபத்துக்கு வருவதில்லை. அவர் உள்ளே இருப்பதே நமக்குத் தெரியாது. அடுத்த முறை கண்காணிப்பாளரிடம் மனு கொடுக்கும்போது இவற்றையும் அதில் சேர்த்து எழுத வேண்டும்: தனி அறையில் எத்தனை பேர், எத்தனை நாளாக, கடைசியாக வீட்டார் எப்போது வந்தார்கள், அவர்களில் ஒருவரையாவது நாங்கள் நேரில் பார்த்துப் பேச அனுமதி உண்டா? அனுமதி கிடைத்தால் முதல் சந்திப்புக்குப் பிரசங்கக் குறிப்பு எடுத்துக்கொண்டு போக வேண்டாம். உட்கார இடம் கேட்டு, அவர் பேசும்வரை காத்திருக்க வேண்டும்.